இறங்கிய சுரமும் எழுந்த குரலும்

அறிவால் உயர்ந்து, ஆண்டால் மூத்து, என் ஆய்வேட்டில் சிவப்பு மையால் அறுபத்திரண்டு இடங்களில் கோடு கிழித்து, இன்று அதே கையால் என்னை வரவேற்று இந்த நாற்காலியில் அமர்த்தியிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, இடமில்லை இடமில்லை என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு ஓர் அறையைத் திறந்துவிட்ட மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுத் தலைமை மருத்துவர் அவர்களே, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவராக இருந்தும் என் காதைத் திருகாத குறையாகப் பாடம் நடத்திய எங்கள் நெறியாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் மூத்தோரே, மழலைக்கு முதற்சொல் ஊட்டிய தாய்மார்களே, மாடிப்படியில் இடம்பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

பின்னால் கேட்கிறதா? கேட்கவில்லை என்று கையசைக்கிறார்கள். ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொள்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது. கேட்க வேண்டும். இன்று நான் பேசப்போவதே குரல் கேட்பதைப் பற்றித்தான்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? இசைக்கல்வியும் இசைவழிச் சிகிச்சையும் சேர்ந்த ஈராண்டு முதுநிலைப் படிப்பு, சோதனை முயற்சி என்று தொடங்கிய படிப்பு, எப்போது மூடுவார்களோ என்று எங்களைத் தூங்கவிடாத படிப்பு, சென்ற வாரம் நிரந்தரமானது. ஆம், தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். இந்தக் கைத்தட்டலுக்காக நாங்கள் நாயாய் அலைந்திருக்கிறோம். இசைத்துறைக்குப் போனால், "இது மருத்துவமாச்சே, அங்க போங்க" என்றார்கள். மருத்துவத்துறைக்குப் போனால், "இது பாட்டாச்சே, இங்க எதுக்கு வந்தீங்க" என்றார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சிமெண்டுப் பாதை இருக்கிறது. அந்தப் பாதை தேய்ந்ததில் என் செருப்புக்கும் பங்குண்டு.

நான் யார் என்று கேட்கிறீர்களா? பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் இசை சொல்லிக்கொடுத்தவள். நாற்பத்தாறாம் வயதில் நுழைவுத்தேர்வு எழுதியவள். விண்ணப்பத்தை வாங்கி வந்த அன்று என் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணி, இந்த வயசுல படிச்சு எந்த ஆபீசுக்குப் போகப் போறீங்க?" என்றார். என் மகள் அதே வளாகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்தாள். அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "அம்மா, நீ படி. தாராளமாப் படி. ஆனா கேன்டீன்ல என்னைப் பாத்தா பேர் சொல்லிக் கூப்பிடாதே." இரண்டு ஆண்டுகள் அந்த உணவுக்கூடத்தில் தாயும் மகளும் அறிமுகமில்லாதவர்களாகவே தேநீர் குடித்தோம்.

ஏழு பேர் சேர்ந்தோம். முதலாண்டு இசைக்கல்வி. எனக்கென்ன, கரைத்துக் குடித்த பாடம் என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் வந்தது புள்ளியியல். சராசரி என்பார்கள், விலகல் என்பார்கள், என் மூளைதான் விலகிப் போனது. மூன்று பேர் அந்தப் பருவத்தோடு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. வீம்புதான். நாத்தனாரிடம் திரும்பிப் போய், அது சரிப்பட்டு வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாம் ஆண்டு சிகிச்சை. மருத்துவமனை. ஓர் அறை கொடுத்தார்கள் என்றேனே, அது என்ன அறை தெரியுமா? படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்த அறை. வாசலுக்கு மேலே 'துணி அறை' என்ற பலகை அப்படியே இருந்தது. நான் உள்ளே விசைப்பலகையில் சுரம் பிடித்துக்கொண்டிருப்பேன். கதவு திறக்கும். ஒரு பணியாளர் அழுக்கு விரிப்பு மூட்டையை என் காலடியில் போட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். தலைமை மருத்துவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. அந்தப் பலகையை எடுக்க ஏழு மாதம் ஆனது.

அந்தத் துணி அறைக்குத்தான் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு மனிதர் வந்தார். சக்கர நாற்காலியில் அவர். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு அவர் மனைவி. வயது ஐம்பத்திரண்டு. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எப்போது வரும், எங்கிருந்து புறப்படும் என்று பதினேழு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த குரல். நிலையத்தில் அவருக்கு 'மைக் அண்ணன்' என்று பெயர். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலக்கை சோர்ந்தது. வலக்கால் துவண்டது. பேச்சு போயிற்று. அறிவு போகவில்லை அவையோரே, அதைக் கவனியுங்கள். நாம் சொல்வது புரியும். தான் சொல்ல வேண்டியது தெரியும். வாயில் வராது. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொற்றொடர். எதைக் கேட்டாலும், "அது வந்து". பசிக்கிறதா? "அது வந்து." வலிக்கிறதா? "அது வந்து, அது வந்து." அதற்கு மேல் வராமல் இடக்கையால் தொடையில் ஓங்கி அடித்துக்கொள்வார்.

அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், ஆறு மாசத்துல மெடிக்கல் போர்டு. அதுக்குள்ள பேச்சு வரலைன்னா மைக்க எடுத்துருவாங்க. வேலை போகாதாம். பார்சல் ரூம்ல உக்காந்து சீட்டு ஒட்டச் சொல்வாங்களாம். அவரால அது முடியாது டீச்சர். பேசிப் பேசியே வாழ்ந்தவர். அந்த மைக்கு வேணும் அவருக்கு. வேற எதுவும் நான் கேக்கல."

ஆறே மாதம். ஓர் ஒலிவாங்கி. இதுதான் பணயம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பேச்சு இழந்த சிலருக்குப் பாட்டு இழக்காமல் இருக்கும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. இதை நாங்கள் பாடத்தில் படித்திருந்தோம். படித்தது வேறு, பார்ப்பது வேறு. அவருக்குத் தெரிந்த ஒரு தாலாட்டை நான் எடுத்தேன். முதல் அடி நான் பாடினேன். இரண்டாம் அடியில், 'அது வந்து' தவிர எதுவும் வராத அந்த வாயிலிருந்து, சொல் சொல்லாகப் பாட்டு வந்தது. அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மகிழ்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இரண்டாம் அடியில் சுருதி சேரவில்லை என்று திருத்தினேன்.

ஏன் உச்சுக்கொட்டுகிறீர்கள்? இங்கே இருக்கும் இசையாசிரியர்களைக் கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், நீங்கள் திருத்தாமல் இருப்பீர்களா? அது நம் ரத்தத்தில் ஊறிய நோய். வீட்டில் குக்கர் விசிலடித்தால் அது எந்தச் சுரம் என்று பார்ப்பவர்கள் நாம். எனக்கு இந்த நோய் கூடுதலாக உண்டு. யாராவது சுருதி இறங்கினால் என் ஆள்காட்டி விரல் தானாக மேலே எழும். எழுவதே எனக்குத் தெரியாது.

எட்டு வாரம் போயிற்று. தாலாட்டு நன்றாக வந்தது. பேச்சு வந்ததா? வரவில்லை. எங்கள் நெறியாளர் ஒரு நாள் வந்து பின்னால் நின்று கேட்டார். வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். "பாட்டு வருதுக்கா. ரொம்ப நல்லா வருது. பேச்சு எங்க? அவருக்குத் தாகம் எடுத்தா தாலாட்டா பாடுவாரு?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண், எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். ஆனால் அவர் சொன்னது சரி.

வழி என்ன? அவர் சொல்ல வேண்டிய சொல்லையே மெட்டில் வைக்க வேண்டும். நோயாளியின் இடக்கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டு. முதலில் நான் முனக வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு பாதியில் நான் நிறுத்திக்கொள்ள, அவர் முடிக்க வேண்டும். பிறகு அவர் மட்டும். கடைசியில் மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டால் பேச்சு தனியே நிலைக்க வேண்டும். 'தண்ணீர் வேண்டும்' என்பதற்கு நான் மெட்டுப் போட்டேன். எப்படிப்பட்ட மெட்டு! குழைவு என்ன, அசைவு என்ன, கச்சேரிக்கே கொண்டுபோகலாம். அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். இடக்கையால் தானே எடுத்துக் குடித்துவிட்டார்.

அன்று அவர் மனைவிதான் சொன்னார். "டீச்சர், இந்த மெட்டெல்லாம் அவருக்கு வேணாம். அவருக்குன்னு ஒரு மெட்டு இருக்கு. பதினேழு வருஷமா அதத்தான் பாடுறாரு." சொல்லிவிட்டுத் தன் கைப்பேசியில் ஒரு பழைய பதிவைப் போட்டார். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி, வண்டி எண், ஊர், நேரம், நடைமேடை எண் நான்கிலிருந்து புறப்படும் என்று முடியும் அறிவிப்பு. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது பேச்சா? பாட்டா? இரண்டுமாக இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் குரலோடு தானே முனகத் தொடங்கினார்.

நான் சும்மா இருந்தேனா? நோட்டை எடுத்தேன். சுரம் எழுதினேன். எல்லாம் அழகாக வந்து, 'எண்' என்ற அந்த ஓர் இடத்தில் மட்டும் குரல் சரிந்து இறங்கியது. எந்தச் சுரத்திலும் ஒட்டாத இடம். பார்த்தேன். பிழை என்று முடிவு கட்டினேன். அந்த இடத்தைத் தூக்கி நிறுத்தி, செம்மைப்படுத்தி, அவருக்கே திருப்பிப் பாடிக் காட்டினேன். அவர் தன் வழியில் முனகினார். என் விரல் எழுந்தது. மறுபடி முனகினார். மறுபடி விரல். மூன்றாம் முறை அவர் முனகவில்லை. இடக்கையால் சக்கரத்தைத் தள்ளி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றோடு மூடிய வாய், மூன்று வாரம் திறக்கவில்லை. 'அது வந்து' கூட இல்லை. தாலாட்டும் இல்லை. ஆறு மாதத்தில் மூன்று மாதம் போயிருந்தது. அவர் மனைவி நான்காம் வாரம் வந்து நின்றார். குரல் உயர்த்தவில்லை. "டீச்சர், பதினேழு வருஷம் அவர் சொன்னதக் கேட்டு ஒருத்தரும் தப்பான வண்டியில ஏறினதில்ல. நீங்க எதத் திருத்துறீங்க?"

இருபத்திரண்டு ஆண்டு அனுபவம், அரங்கேறிய மாணவர்கள், வாங்கிய பாராட்டிதழ்கள், எதுவும் அந்த ஒரு கேள்விக்கு உதவவில்லை.

எங்கள் படிப்பில் ஒரு முறை உண்டு. ஒவ்வோர் அமர்வையும் படம் பிடிப்போம். பிறகு நிமிடம் நிமிடமாக ஓட்டி, என்ன நடந்தது என்று நாமே எழுத வேண்டும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த நாளின் படத்தை நெறியாளர் போட்டார். ஒலியை நிறுத்திவிட்டார். "பாட்டக் கேக்காதீங்க. உங்க வலது கைய மட்டும் பாருங்க. எண்ணுங்க" என்றார். எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் நாற்பத்தொரு முறை என் விரல் எழுந்திருந்தது. நாற்பத்தொரு முறை, பேச்சிழந்த ஒரு மனிதரிடம், நீ சொல்வது தவறு, தவறு, தவறு என்று சொல்லியிருக்கிறேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

வந்து கேட்டேன், "இப்ப நான் என்ன செய்யட்டும்?" நெறியாளர் சொன்னார், "அந்த எறக்கம் பிழைன்னு யாருக்கா சொன்னது? போய் விசாரிச்சீங்களா?" விசாரிப்பதா? சுரத்தை விசாரிப்பது எங்கே? ரயில் நிலையத்தில்தான்.

போனேன். மறுநாள் காலை, நான்காம் நடைமேடை, இரும்பு இருக்கை. கைப்பேசியில் அந்தப் பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி தூக்கும் ஒருவர் காதில் அது விழுந்தது. தலையில் இருந்த பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "நம்ம மைக் அண்ணன் குரலாச்சே. எப்படி இருக்காரு?" நான் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த 'எண்' வரும் இடத்தைப் போட்டுக் காட்டி, இங்கே ஏன் குரல் இறங்குகிறது, தொண்டையில் ஏதேனும் கோளாறா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோளாறா? வேணும்னே எறக்குவாரும்மா. இங்க இஞ்சின் சத்தம், தள்ளுவண்டிச் சத்தம், கொழந்தைங்க அழுகை. நீட்டா ஒரே குரல்ல சொன்னா நம்பரு அதுல கரைஞ்சு போயிரும். அதனால நம்பருக்கு முன்னாடி குரல எறக்கி ஒரு நொடி நிறுத்துவாரு. ஜனம் காதத் தூக்கும். அப்ப நாலுன்னு தூக்கிச் சொல்லுவாரு. எங்க நின்னாலும் கேக்கும். புதுசா வந்த ரெண்டு பேரு அப்படிச் சொல்லத் தெரியாம, ஜனம் மூணுக்கும் நாலுக்கும் ஓடுது."

கேட்டீர்களா? கேட்டீர்களா அவையோரே? நான் பிழை என்று அடித்துத் திருத்திய இடம், அந்த மனிதரின் தொழிலின் உச்சம். இரைச்சலுக்கு நடுவே ஓர் எண்ணை ஆயிரம் காதுகளுக்குக் கொண்டு சேர்க்க அவர் கண்டுபிடித்த இறக்கம். எந்த இசைநூலில் இருக்கிறது இது? எந்தப் பட்டயத்தில் இருக்கிறது? சுருதியை மட்டும் பார்த்தவளுக்கு, அந்தச் சுருதி யாருக்காக இறங்கியது என்று பார்க்கத் தெரியவில்லை. இருக்கையிலிருந்து எழுந்தவள், நேரே துணி அறைக்குத்தான் போனேன்.

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் போய் அந்தச் சுவருக்கும் அவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தேன். வலக்கையை என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "தப்பு எம்மேலதான் சார். ஸ்டேஷனுக்குப் போனேன். எதுக்காக எறக்குறீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றேன். அவர் அசையவில்லை. இடக்கையால் அவர் இடக்கையைப் பிடித்தேன். தட்டினேன். பாடினேன். அவர் மெட்டு, அவர் வேகம், அவர் இறக்கம். 'நடைமேடை எண்' என்று இறக்கி, அவர் நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்தினேன். நான் முடிக்கவில்லை. காத்திருந்தேன்.

அவர் உதடு துடித்தது. "அது வந்து" என்றார். தலையை உதறினார். இடக்கை என் கையிலிருந்து விடுபட்டு நாற்காலிக் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டியது. "நாலு" என்றார்.

நாலு. அவ்வளவுதான். எனக்கு அன்று கிடைத்தது அந்த நாலுதான். வாசலில் நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்து, "சொல்லிட்டாரு" என்றார்.

அதன் பிறகு என்ன தடை? தடை இருந்தது, ஆனால் வழியும் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் அவர் மெட்டில். சன்னலைச் சாத்த வேண்டுமென்றால் அவர் மெட்டில். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தலையணை சரிந்துவிட்டது. பக்கத்து அறை நோயாளிகள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அவர் மனைவி சொன்னார், "வீடே ஸ்டேஷன் மாதிரி இருக்கு டீச்சர். நேத்து டீ கேட்டதுல, வண்டி எந்த நேரத்துக்குன்னு நானே கேட்டுட்டேன்." பிறகு மெட்டு மெலிந்தது. சொல் நிலைத்தது. மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளியோடு, பேச்சு வந்தது.

இப்போது தலைவர் அவர்கள் பக்கம் திரும்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. என் வாய்மொழித் தேர்வில் நீங்கள்தான் புறத்தேர்வாளர். என் ஆய்வேட்டை விரித்து, "அம்மா, நீங்க எழுதின சுரத்துல ஒண்ணு சேரவே இல்லையே. கடைசி நாள் வரைக்கும் அத நீங்க சரிபண்ணல. இது என்ன இசைப் படிப்பு?" என்று கேட்டீர்கள். முதல் அணியின் முதல் தேர்வு அது. நான் சறுக்கினால் படிப்பே சறுக்கும். "ஐயா, நான் பாடிக் காட்டட்டுமா?" என்றேன். பாடினேன். அறைக்கு வெளியே யாரோ மேசை இழுத்தார்கள். அந்தச் சத்தத்தில் நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். "இன்னொரு தரம்" என்றீர்கள். மறுபடி பாடினேன். பேனாவை மூடி வைத்துவிட்டு நீங்கள் சொன்ன சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. "மேசை இழுத்த சத்தத்துலயும் நாலுன்னு எனக்குத் தெளிவாக் கேட்டுதும்மா." அறுபத்திரண்டு கோடு போட்ட கை, அடுத்த நிமிடம் கையெழுத்தும் போட்டது. தலைவருக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள். நெஞ்சார்ந்த நன்றி ஐயா.

ஆனால் எனக்குப் பட்டம் வருவதா பணயம்? இல்லையே. அவருக்கு ஒலிவாங்கி வருவதுதானே பணயம்? மருத்துவக் குழு கூடியது. அவரைப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். ஒருவர், "ரொம்ப மெதுவா இருக்கே" என்றார். குழுவில் இருந்த ரயில்வே அதிகாரி நிமிரவே இல்லை. "நம்ம வண்டி வர்ற வேகத்துக்கு இது போதும் டாக்டர்" என்றார். ஒரு மாதம் சோதனையாக, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, இரண்டு மணி நேரம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

முதல் நாள். நான் நான்காம் நடைமேடையில் நின்றேன். அவர் மனைவி என் பக்கத்தில். இருநூறு பேர் இருக்கும். பெட்டி மேல் உட்கார்ந்தவர்கள், தூணில் சாய்ந்தவர்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. இன்று யார் பேசப்போகிறார், எங்கிருந்து மீண்டு வந்து பேசப்போகிறார், எதுவும் தெரியாது. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வந்துவிட்டது. வண்டி எண். வந்துவிட்டது. ஊர். நேரம். ஒவ்வொன்றாக, மெதுவாக, வந்துவிட்டது. இன்று இந்த வண்டி நடைமேடை எண் என்று குரல் இறங்கியது. நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. அவர் மனைவி என் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. மூன்று நொடி. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. எனக்கு நாக்கு நுனியில் அந்த எண் நிற்கிறது, கத்திச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. சொன்னால் அவருக்கா கேட்கும்? நான்கு நொடி. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிள்ளையின் வாய்க்கு அருகே சோறு நின்றது. இருநூறு முகமும் அந்த ஒலிபெருக்கிக் கூம்பைப் பார்த்தன. எந்த எண் என்று தெரிய வேண்டுமே அவர்களுக்கு.

"இரண்டு."

நான்கு இல்லை அவையோரே, இரண்டு. அன்று வண்டியை இரண்டாம் நடைமேடைக்கு மாற்றியிருந்தார்கள். நாங்கள் ஒரு நாளும் பயிற்சி செய்யாத எண். நான் ஒரு முறைகூடப் பாடிக்காட்டாத எண். என்னிடமிருந்து வரவில்லை அது. அவரிடமிருந்து வந்தது.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? யாரும் கைத்தட்டவில்லை. யாரும் வியக்கவில்லை. இருநூறு பேர் குனிந்தார்கள், பெட்டியைத் தூக்கினார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தார்கள், படியேறி இரண்டாம் நடைமேடைக்கு நடந்தார்கள். ஒரு மனிதர் சொன்னார், உலகம் அதை நம்பி நடந்தது. ஒருவர்கூட மூன்றுக்குப் போகவில்லை. காலியான நான்காம் நடைமேடையில் நாங்கள் இருவர் மட்டும் நின்று, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம், மறுபடி அழுதோம்.

இதற்குத்தான் இந்தப் படிப்பு வேண்டும் என்றோம். இதற்குத்தான் அந்தச் சிமெண்டுப் பாதையில் நடையாய் நடந்தோம். இசை தெரிந்தவள் மருத்துவமனைக்குள் நுழைந்தால் போதாது, நுழைந்த பின் என்ன மறக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஓர் இடம் வேண்டும், என் விரலை எனக்கே எண்ணிக் காட்ட ஒரு நெறியாளர் வேண்டும். கிடைத்துவிட்டது. இனி ஆண்டுக்கு இருபது பேர் வருவார்கள். வாருங்கள். பாடத் தெரிந்தவர்கள் வாருங்கள், நாற்பத்தாறு வயதானவர்களும் வாருங்கள், நாத்தனாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவரை ஏன் மேடைக்கு அழைத்து வரவில்லை என்று சிலர் காலையிலிருந்து கேட்கிறீர்கள். அழைத்தேன். நேற்றுத் தொலைபேசியில் அழைத்தேன். அழைப்பிதழில் பெயர் போடுகிறோம், முன்வரிசையில் இடம், வண்டி அனுப்புகிறோம், வாருங்கள் சார் என்று ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்த பிறகு, மெட்டில்லாமல், வெறும் பேச்சாக, நான்கே சொல்லில் பதில் சொன்னார்.

"முடியாது டீச்சர். டூட்டி இருக்கு."

அவர் இப்போது பணியில் இருக்கிறார். ஆகவே அவர் சார்பிலும், மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகம் மறைத்து அமர்ந்திருக்கும் அவர் துணைவியார் சார்பிலும், பொறுத்திருந்து கேட்ட பெரியோருக்கும், கண்ணீர் துடைத்த தாய்மார்களுக்கும், பாதிப் பேச்சில் அரங்கத்துக்குள் வந்து எல்லோர் முன்னிலையிலும் "அம்மா" என்று கையசைத்த என் மகளுக்கும், உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, வணங்கி, விடைபெறுகிறேன். வணக்கம்.